முடிவைச் சொன்ன குற்றம்

பொது நூலகத்தின் மேல்தளத்தில் இயங்கிவந்த வாசகர் மன்றத்தில் ஒரு புத்தகத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லப் பல தகுதிகள் வேண்டும். அந்தப் புத்தகத்தைப் படித்திருப்பது அவற்றில் ஒன்றல்ல.

புதிதாகச் சேருபவர் முதலில் 'செவியர்' ஆவார். அவர் மற்றவர்களின் அபிப்பிராயத்தைக் கேட்கலாம். நன்றாகக் கேட்டால் 'தலையசைப்பாளர்' ஆகலாம். தலைவர் பேசும்போது மேலும் கீழுமாக அசைக்க வேண்டும். பக்கவாட்டில் அசைப்பது விசாரணைக்கு உட்பட்டது. அதையும் தாண்டியவர்தான் 'அபிப்பிராயர்'. அவருக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. 'பிடித்திருந்தது' என்று சொல்லக் கூடாது. அது சாப்பாட்டுக்குச் சொல்லும் சொல். 'அழுதுவிட்டேன்' என்பதற்கு முன் அனுமதி தேவை. 'ஒரே மூச்சில் படித்தேன்' என்ற ஒருவரை மருத்துவச் சான்றிதழ் கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலான விதி, கதையின் முடிவைச் சொல்லக் கூடாது என்பது. இதைக் காப்பதற்காகவே செயலாளர் கையில் ஒரு பித்தளை மணி இருந்தது. அவர் தேர்வுக் கூடங்களில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். யாராவது 'கடைசியில்' என்று வாயெடுத்தால் மணி அடிப்பார். 'கடைசி வரிசையில் ரெண்டு நாற்காலி காலியா இருக்கு' என்று சொன்ன காவலாளிக்கும் அடித்திருக்கிறார்.

இப்படிப்பட்ட மன்றத்துக்குத்தான் ஒரு நாள் மாமனாரைக் கையைப் பிடித்து அழைத்துப் போனாள் மருமகள். அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடை என்று நாள் முழுவதும் ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. மாமனார் தொலைதூரப் பேருந்து ஓட்டியவர். அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு, 'இவ்வளவு தெளிவாப் பேசற பொண்ணு வீட்டுக்கு வந்தா என் பையன் ஏமாத்த முடியாது' என்று தானே பெண் கேட்டுப் போனவர். பையன் மருந்துக் கடை வைத்திருக்கிறான். இன்றுவரை ஏமாற்றவில்லை.

ஓய்வு பெற்ற கொஞ்ச காலத்தில் மாமனாருக்குக் கண் பார்வை போய்விட்டது. மனைவி முன்பே போய்விட்டார். மகனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பியபின் வீட்டில் அவரும் கடிகாரமும்தான். அப்போது காப்பாற்றியது நூலகத்தின் தரைத்தளத்திலிருந்த ஒலிநூல் அறை. ஒரு நாற்காலி, ஒரு மேசை, காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி. அங்கே அவர் காதல் கதைகளாகக் கேட்டுத் தீர்த்தார். இரவுச் சாப்பாட்டில் அபிப்பிராயம் பரிமாறப்படும்.

"அந்தப் பொண்ணு அவனைக் கட்டியிருக்கவே கூடாதும்மா."

"நல்லவன்தானே மாமா அவன்?"

"நல்லவன்தான். ஆனா ஒரு விஷயத்துக்கும் வாயைத் திறக்க மாட்டேங்கறானே. பிரேக் பிடிக்காத வண்டியைக் கூட ஓட்டிடலாம், ஹாரன் அடிக்காத வண்டி ஆளைக் கொன்னுடும்."

"அப்பா, என்னை ஏன் பாக்கறீங்க?" என்பான் மகன்.

"எனக்கு எங்கடா கண்ணு தெரியுது?"

இந்தப் பேச்சு மருமகளுக்குப் பிடிக்கும். மேல்தளத்தில் 'அபிப்பிராயப் பகிர்வு நாள், அனைவரும் வருக' என்று பலகை வைத்ததும், 'அனைவரும்' என்பதற்கு அகராதியில் உள்ள அர்த்தம்தான் என்று நம்பி அவள் மாமனாரைக் கூட்டிப்போனாள்.

தலைவர் அன்று நல்ல மனநிலையில் இருந்தார். "சாமானியரும் பேசட்டும்" என்றார். மாமனார் எழுந்து தொண்டையைச் செருமினார்.

"எனக்கு அந்தத் தீவுக் கதை ரொம்பப் பிடிச்சிருந்துச்சுங்க." கூட்டத்தில் சலசலப்பு.

"கேட்டுட்டு அழுதுட்டேன்." யாரோ நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்கள்.

"கடைசில அந்தப் பொண்ணு..."

மணி அடித்தது. அங்கேதான் விபரீதம். பேருந்தில் அடுத்தடுத்து மணி அடித்தால் ஓட்டுநர் வண்டியை எடுக்க வேண்டும். அந்தப் பழக்கம் மாமனாரின் எலும்பில் ஊறியது. செயலாளர் எவ்வளவு வேகமாக அடித்தாரோ, அவ்வளவு வேகமாக மாமனார் கதையை ஓட்டினார். "அவனை விட்டுட்டுப் படகுல ஏறிடறா, அவன் கரையிலயே நிக்கறான், அவன் தம்பிதான் துடுப்புப் போடறான், அவளுக்குக் கரையில நிக்கறவன் போட்ட கடிதாசி எதுவும் போய்ச் சேரவே இல்லைங்க!" என்று முனையத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

முன்வரிசையில் ஒரு பேராசிரியை மயங்கி விழுந்தார். அந்த நாவலைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருந்தவர். தண்ணீர் தெளித்ததும் கண்ணைத் திறந்து, "தம்பியா?" என்று மட்டும் கேட்டார்.

விசாரணை அடுத்த வாரம் நடந்தது. தலைவரின் தீர்ப்புரை பின்னால் அச்சிட்டு விநியோகிக்கப்பட்டது.

"நான் முப்பது வருஷமா இலக்கியத்துல இருக்கேன். ஒரு புத்தகத்தோட முடிவையாவது என் வாயிலேருந்து யாராலயாவது வாங்க முடிஞ்சிருக்கா? முடியாது. அது ஒரு தவம். குற்றவாளியை நான் முழுசாக் குறை சொல்ல மாட்டேன். கோளாறு ஒலிநூல்லதான் இருக்கு. கண்ணால படிக்கிறவன் எந்தப் பக்கத்துல வேணா நிறுத்திக்கலாம். நாங்கெல்லாம் நிறுத்திக்கறோம் இல்லையா? காதால கேக்கறவனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. முடிவு தானா வந்து காதுல விழுந்துடுது. அதுலயும் ஓட்டுநருங்களுக்கு, பாவம், போய்ச் சேர்றதுதான் எல்லாம். வழியில இருக்கிற இயற்கைக் காட்சி அவங்களுக்குத் தெரியாது."

பார்வை இல்லாதவரை வைத்துக்கொண்டு இதைச் சொன்னார். உறுப்பினர்கள் மேலும் கீழுமாகத் தலையசைத்தார்கள். ஒலிநூல் அறை பூட்டப்பட்டது. சாவி தலைவரின் சட்டைப் பைக்குள் போயிற்று.

அன்று மாமனார் பாதிக் கதையில் இருந்தார். கதாநாயகி அறுவை சிகிச்சைக்குள் போயிருந்தாள். வெளியே கணவன் உட்கார்ந்திருந்தான். அவ்வளவுதான் தெரியும். கைபேசியில் கேட்கலாமே என்று மகன் சொல்லிக் கொடுத்துப் பார்த்தான். மாமனார் தடவிய தடவலில் கதை வரவில்லை, தீயணைப்பு வண்டி வந்தது. மருமகள் வேறொரு நாவலை எடுத்து வாசித்துக் காட்டினாள்.

"கோவிச்சுக்காதம்மா. நீ படிக்கறப்போ கதாநாயகி எத்தனையாவது நடைமேடையில நிக்கறாங்கற மாதிரியே இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நாளாக ஆகச் சிரிப்பு வற்றியது. மாலையில் வீடு திரும்பினால் காலையில் விட்டுப்போன அதே நாற்காலியில் அதே கோணத்தில் மாமனார் உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டில் பேச்சில்லை. ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்தப் பொண்ணு எழுந்துட்டாளா என்னமோ" என்றார். யாரிடமும் கேட்ட மாதிரி இல்லை. மருமகள் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள்.

மன்னிப்பு மனுவோடு மேல்தளத்துக்கு ஏறினாள். செவியர் அல்லாதவர் மனு கொடுக்க முடியாது என்றார்கள். செவியர் ஆனாள். செவியர் பேச முடியாது என்றார்கள். விடுப்புப் போட்டு உட்கார்ந்து ஒரு சிறுகதையைப் பற்றிய நான்கு உரைகளைக் கேட்டாள். ஒருவர் அட்டைப்படத்தைப் பற்றிப் பேசினார். ஒருவர் தாளின் வாசனையைப் பற்றி. ஒருவர் அந்தக் கதையை எழுதியவரைத் தான் ஒரு திருமணத்தில் தூரத்திலிருந்து பார்த்ததைப் பற்றி. நான்காமவர் மற்ற மூவரோடும் உடன்படுவதாகக் கூறினார். கதையில் யார் இருக்கிறார்கள் என்று அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல, நூலகத் துறையின் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் ஆணை வந்தது. இனிமேல் ஒலிநூல்தான் எதிர்காலம். ஒவ்வொரு மன்றமும் உள்ளூர் எழுத்தாளர் ஒருவரின் நாவலை ஒலிநூலாக்கி ஆண்டு விழாவில் வெளியிட வேண்டும். இயக்குநர் நேரில் வருவார். உள்ளூர் எழுத்தாளர் யார் என்று ஆராயக் குழு அமைக்கப்பட்டது. குழுவுக்குத் தலைவரே தலைவர். 'மௌனத்தின் மேல்மாடி' என்ற தலைவரின் நாவலே தேர்வாயிற்று.

மருமகளுக்கு அழைப்பு வந்தது.

"உன் குரல் ஊருக்கே தெரிஞ்ச குரல்மா. நீதான் வாசிக்கணும்."

"மாமாவோட அறை, சார்?"

"விழா நல்லா நடக்கட்டும். சாவியைக் குடுத்துடறேன்."

அவள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்தாள். வாசிக்குமுன் ஒருமுறை முழுக்கப் படித்தாள். மன்றத்தில் யாருக்கும் தோன்றாத யோசனை அது. கதை மோசமில்லை. காதலன் சொல்லாமல் ஓடிப்போகிறான். காதலி வருடக்கணக்கில் காத்திருக்கிறாள். ஒரு நாள் அவன் மழையில் நனைந்து திரும்பி வந்து வாசலில் நிற்கிறான். "என்னை மன்னிப்பாயா?" என்கிறான். அவள் அவன் முகத்தையே பார்க்கிறாள். பிறகு மெல்லச் சொல்கிறாள். பக்கம் அங்கே முடிகிறது. மருமகள் ஆவலோடு திருப்பினாள்.

'துணிகளை நிறவாரியாகப் பிரித்துக்கொள்ளவும்.'

அவள் இன்னொரு முறை படித்தாள். அதற்கடுத்து, பைகளில் நாணயம், ஊசி முதலியவை உள்ளனவா என்று பார்க்கவும் என்றிருந்தது. அங்கிருந்து பின்னட்டை வரைக்கும் அப்படியே. அச்சகத்தில் ஒரே நேரத்தில் அச்சான சலவை இயந்திரக் கையேட்டின் தாள்களை நாவலோடு சேர்த்துத் தைத்துவிட்டார்கள். தன் புத்தகம் மட்டும்தான் இப்படியோ என்று நூலகத்திலிருந்த மற்றப் பிரதிகளைப் பார்த்தாள். எல்லாம் ஒரே சலவை. புத்தகம் வெளிவந்து வருடங்கள் ஆகியிருந்தன. சிறந்த முடிவுக்காக மன்றமே அதற்குக் கேடயமும் கொடுத்திருந்தது.

மருமகள் நல்ல பெண். மறுநாளே சொல்லப் போனாள்.

"சார், நாவலோட முடிவுல..."

செயலாளர் மணியடித்தார்.

"அது இல்ல சார், கடைசிப் பக்கத்துல ஒரு தப்பு..." மணி.

"கதை முடியற இடத்துல வந்து..." மணி, மணி, மணி.

தலைவர் முகம் சிவந்துவிட்டது. "என் நாவலோட முடிவை என்கிட்டயே சொல்ல வரியா?"

"சார், நீங்க ஒரு தடவை புத்தகத்தைத் திறந்து பாத்தீங்கன்னா..."

"எழுதினவன் எதுக்கும்மா படிக்கணும்? சமைச்சவன் சாப்பிட்டுப் பாத்துக்கிட்டா இருப்பான்? இங்க பாரு, அச்சுல இருக்கிறதை அப்படியே வாசி. ஒரு எழுத்து மாறக் கூடாது. உன் மாமனார் மாதிரி நடுவுல வண்டியைத் திருப்பற வேலையெல்லாம் வேண்டாம். ஒரு குருடரை வெச்சுக்கிட்டு மன்றம் பட்டதே போதும்."

அவள் நீட்டிய புத்தகத்தை மடக்கிப் பைக்குள் வைத்தாள். பிறகு மிகவும் மரியாதையாக, "சரிங்க சார். ஒரு எழுத்தும் மாறாது" என்றாள்.

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். அவன் மாத்திரைப் பட்டையை எண்ணுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். "அந்த ஆள் மானம் போயிடுமே."

"போகட்டுங்க."

"நீ இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லையே."

"இனிமே கேளுங்க."

பேருந்து நிலையத்தில் வண்டி குறைவாக உள்ள பிற்பகல்களில், அறிவிப்பு அறையின் கதவைச் சாத்திக்கொண்டு அவள் பதிவு செய்தாள். கணவன் கருவியைப் பார்த்துக்கொண்டான். காதல் காட்சிகளில் குரல் தழைந்தது. பிரிவுக் காட்சியில் உடைந்தது. மாமனாரின் கிண்டலுக்குப் பதில் சொல்வது போல, நடைமேடை வாடை இல்லாமல் வாசித்தாள். சலவைப் பகுதி வந்தபோதும் அதே உருக்கத்தை அவள் குறைக்கவில்லை. வாழ்க்கையில் யாருக்கும் இவ்வளவு அக்கறையாகக் குழி வெட்டியதில்லை.

விழா நாளில் கூடம் நிரம்பியிருந்தது. முன்வரிசைகளில் அபிப்பிராயர்கள். பின்னால், சும்மா புத்தகம் எடுத்துப்போகும் ஊர் ஜனம். ஓரத்தில் மகன், பக்கத்தில் மாமனார். இயக்குநர் அம்மாள் பயணக் களைப்போடு உட்கார்ந்திருந்தார். திட்டப்படி, கதவு தட்டப்படும் இடத்தோடு ஒலியை நிறுத்திவிட்டு உரைகள் தொடங்கின.

பேராசிரியை, "இந்த முடிவைச் சொல்ல மாட்டேன். ஆனா அதைப் படிச்சதுக்கப்புறம் நான் பழைய ஆள் இல்லை" என்றார்.

செயலாளர், "மணியடிக்கிற என் கையே நடுங்கின முடிவு" என்றார்.

இன்னொருவர், "ஒரு பெண்ணோட மனசை இவ்வளவு நுட்பமா யாரும் எழுதினதில்லை" என்றார்.

தலைவர் கடைசியாக எழுந்தார். "அந்தக் கடைசிப் பக்கங்களை நான் எழுதல. என் ரத்தம் எழுதிச்சு. ஒவ்வொரு சொல்லும் எனக்கு மனப்பாடம்."

இயக்குநர் அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவ்வளவு சொல்றீங்களே. அதையும் கேட்டுடலாமே."

செயலாளர் மணியைத் தொட்டார். தலைவர் கையமர்த்தினார். "மன்ற வரலாற்றுலயே முதல் தடவையா, என் தனிப்பட்ட அதிகாரத்துல விதியைத் தளர்த்தறேன். போடும்மா."

மருமகள் போட்டாள்.

மழை பெய்தது. கதவு திறந்தது. "என்னை மன்னிப்பாயா?" கூடம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவள் அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"துணிகளை நிறவாரியாகப் பிரித்துக்கொள்ளவும். கொள்ளளவுக்கு மேல் திணிக்க வேண்டாம்."

முன்வரிசை, பழக்க தோஷத்தில், மேலும் கீழுமாகத் தலையசைத்தது.

"மூடி சரியாக மூடாவிட்டால் இயந்திரம் இயங்காது. இது கோளாறு அல்ல."

"இயந்திரங்கறது இங்க திருமணம்" என்று பேராசிரியை பக்கத்திலிருந்தவரிடம் கிசுகிசுத்தார்.

"நுரை வெளியேறினால் பதற வேண்டாம். சோப்புத் தூளின் அளவைக் குறைக்கவும். தண்ணீர் வடியாவிட்டால் விற்பனையாளரை அணுகவும்."

"விற்பனையாளர்!" ஓர் அபிப்பிராயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கடவுளைச் சொல்றார்."

பின்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்தார். "கடவுளும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல. எங்க வீட்டு வாஷிங் மெஷினோட வந்த புத்தகம் இது. வரி மாறாம அப்படியே இருக்கு!"

பின்னால் சிரிப்பு வெடித்தது. இயக்குநர் அம்மாள் மேசையிலிருந்த நாவலைத் திறந்து கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். பிறகு தலைவரைப் பார்த்தார்.

தலைவர் முன் இரண்டு வழிகள் இருந்தன. இது தன் முடிவு இல்லை என்றால், இத்தனை வருடம் தன் புத்தகத்தை ஒருவரும், தானும் உட்பட, படிக்கவில்லை என்று ஆகும். அவர் மற்ற வழியில் போனார்.

"அது... திட்டமிட்டுச் செஞ்சது. புதுவகை உத்தி."

"இதுதான் நீங்க எழுதின முடிவா?"

"இதேதான்."

ஓரத்தில் மாமனார் எழுந்து நின்றார். யாரும் மணியடிக்கவில்லை. "ஐயா, அந்தப் பொண்ணு அவனை மன்னிச்சாளா இல்லையா?"

"அது... வாசகனோட முடிவுக்கு விட்டிருக்கு."

"வாசகனை விடுங்க. நீங்கதானே பெத்தீங்க அவளை. அத்தனை வருஷம் காத்துக்கிட்டு இருந்தவ. மன்னிச்சாளா?"

தலைவர் வாயைத் திறந்தார். செயலாளரைப் பார்த்தார். பேராசிரியையைப் பார்த்தார். பேராசிரியை கைப்பையில் எதையோ தேடினார். உண்மையில் தலைவருக்கு ஞாபகம் இல்லை. அது அவர் முகத்தில் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது.

"ஒரு பொண்ணை வாசல்ல நிறுத்திட்டு மறந்து போயிட்டீங்களே ஐயா" என்றார் மாமனார், உண்மையான வருத்தத்தோடு. அதுதான் அந்தக் கூடத்தில் சொல்லப்பட்ட முதல் அபிப்பிராயம்.

இயக்குநர் அம்மாள் சிரிக்கவில்லை. "இங்க ஒரு புத்தகத்தையாவது முடிவு வரைக்கும் போனவங்க யாரு?" என்று கேட்டார். முன்வரிசைகளில் ஒரு கையும் உயரவில்லை. பின்வரிசைகளில் கைகள் உயர்ந்தன. வாஷிங் மெஷின் அம்மாள் இரண்டு கையையும் தூக்கினார். மாமனார், "நான் படிக்கலைங்க. கேட்டதுதான். அது கணக்குல வருமா?" என்றார்.

"வரும்" என்றார் இயக்குநர். "அந்த ஒலிநூல் அறை ஏன் பூட்டியிருக்கு? சாவி எங்க?"

தலைவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். மருமகள் மேடைக்குப் போய், இரண்டு கைகளையும் நீட்டி, மிக மரியாதையாக வாங்கிக்கொண்டாள். "ஒரு எழுத்தும் மாறல சார்" என்றாள்.

மறுவாரம் மன்றம் கூடியது. ஒரு நாவலின் முடிவைப் பொதுக்கூட்டத்தில் வெளியிட்ட குற்றத்துக்காகத் தலைவர் நீக்கப்பட்டார். நீக்கியவர் செயலாளர். புதிய தலைவியான பேராசிரியை, முன்னாள் தலைவரின் நாவலைத் தான் எப்போதுமே சந்தேகித்துவந்ததாக நீண்ட உரை ஆற்றினார். கேடயம் திரும்பப் பெறப்பட்டது. உறுப்பினர்கள் தலையசைத்தார்கள்.

முன்னாள் தலைவருக்கு இன்னொரு தண்டனையும் இருந்தது. உண்மையான முடிவை எழுதிக் கொடுத்தால் புத்தகத்தைத் திருத்தி அச்சிடலாம் என்று இயக்குநர் கடிதம் அனுப்பியிருந்தார். கையெழுத்துப் பிரதி கரையானுக்குப் போயிருந்தது. முடிவு எழுத வேண்டுமென்றால் கதை தெரிய வேண்டும். சொந்தப் புத்தகத்தை மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு நூலகத்தில் படித்தால் நாலு பேர் சிரிப்பார்கள். எனவே ஒரு நாள் காலை, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, ஒலிநூல் அறைக்கு வந்தார்.

நாற்காலி ஒன்றுதான். அதில் மாமனார் இருந்தார். மருமகள் வேலைக்குப் போகும் வழியில் அவர் காதில் கருவியைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்மா?" என்றார் முன்னாள் தலைவர்.

"மாமா மறுபடி முதல்லேருந்து கேக்கறார் சார். இப்பதான் கதாநாயகி அறுவை சிகிச்சைக்குள்ள போயிருக்கா, புருஷன் வெளில உக்காந்திருக்கான். கதை முடியற வரைக்கும் மாமா எழுந்திரிக்க மாட்டார்."

"முடியற வரைக்குமா?"

"வெளில பெஞ்சு இருக்கு."

அவர் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். மருமகள் போய்விட்டாள். வெயில் ஏறியது. உள்ளே மாமனார் ஒருமுறை மூக்கை உறிஞ்சினார். பிறகு நெடுநேரம் சத்தமில்லை. பிறகு திடீரென்று தொடையில் தட்டிக்கொண்டு, "அப்படிப் போடு!" என்று சிரித்தார். அந்தப் பெண் எழுந்துவிட்டாளா, கணவன் என்ன சொன்னான், எதற்கு இந்த ஆள் இப்படிச் சிரிக்கிறான் என்று முன்னாள் தலைவருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகத் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. அவர் பெஞ்சிலிருந்து பாதி எழுந்து, கதவுப் பக்கம் காதைச் சாய்த்தார்.

மாமனார் கருவி போட்டிருந்தார். கதை அவர் காதுக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.